ஒரே செய்முறை, இரண்டு வழிகள்: வீட்டில் ஐபிஏ காய்ச்ச மால்ட் தூளா, முழுத் தானியமா?

2016 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தின் ப்ரூடாக் நிறுவனம், அதுவரை தான் காய்ச்சிய பீர்களின் செய்முறைகளை எல்லாம் 20 லிட்டர் அளவுக்குச் சுருக்கி, ‘டிஐஒய் டாக்’ என்ற தொகுப்பாக, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டது. இருநூறுக்கும் மேற்பட்ட அந்தச் செய்முறைகளில் நான் முதலில் தேர்ந்தெடுத்தது ‘பங்க் ஐபிஏ’. ஐபிஏ என்பது ‘இந்தியா பேல் ஏல்’ என்பதன் சுருக்கம்; ஹாப்ஸ் தூக்கலான வெளிர் பீர் வகை. அதில் ஆல்கஹால் 5.6 சதவீதம். மாரிஸ் ஆட்டர் என்ற பார்லி ரகத்தின் வெளிர் மால்ட்டோடு (முளைகட்டி உலர்த்திய தானியம்) சிறிதளவு காரா மால்ட் (நிறமும் இனிப்பும் கூட்டும் வகை) சேர்கிறது. சினூக், அஹ்டானம், சிம்கோ, கேஸ்கேட், அமரில்லோ, நெல்சன் சோவின் என்று ஆறு வகை ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஒரு கொடியின் பூக்கள்) வேண்டும். கசப்பும், சாத்துக்குடித் தோலையும் பைன் மரப் பிசினையும் நினைவூட்டும் மணமும் முன்னால் நிற்க, மால்ட்டின் இனிப்பு பின்னால் தாங்கி நிற்கும் பீர் இது.

அந்தச் செய்முறை முழுத் தானியத்தை வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. அதாவது, முளைகட்டி உலர்த்திய பார்லியை உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து, அதன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, அந்த இனிப்பு நீரை நாமே வடித்தெடுக்க வேண்டும். காய்ச்சுபவர்கள் வோர்ட் என்று சொல்வது இந்த இனிப்பு நீரைத்தான். ஆனால் அதே வேலையை ஆலையிலேயே செய்து, நீரை வற்றவைத்துத் தூளாகவும் பாகாகவும் விற்கும் மால்ட் சாறும் கடையில் கிடைக்கிறது. புதிதாகத் தொடங்குபவர் முன்னால் நிற்கும் முதல் கேள்வி, தூளை வாங்கி எளிதாக முடிப்பதா, தானியத்தோடு ஒரு நாளைச் செலவிடுவதா என்பதுதான். தானியத்தில் செய்தால்தான் அது ‘உண்மையான’ பீர் என்று அனுபவசாலிகள் பலர் உறுதியாகச் சொல்வார்கள். நானும் அதை நம்பியே தொடங்கினேன். இரண்டு வழிகளிலும் செய்து பார்த்த பிறகு அந்த நம்பிக்கை பாதியளவே மிஞ்சியது.

பிரிட்டனில் சொந்தப் பயன்பாட்டுக்கு வீட்டில் பீர் காய்ச்ச 1963 முதல் உரிமம் தேவையில்லை, விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டத்தின்படி இது குற்றம். ஆகவே, சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் இருப்பவர்களுக்காகவே இந்த அலசல்.

ஒப்பீடு நேர்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக, கிளாஸ்கோவில் உள்ள என் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் மூன்று வார இடைவெளியில் இரண்டு முறை காய்ச்சினேன். ஹாப்ஸ் ஒரே நாளில் வாங்கிய, காற்று நீக்கி அடைத்த அதே பொட்டலங்கள். எடுத்தது போக மீதியை வாயைக் கட்டி உறைபெட்டியில் வைத்திருந்தேன். செய்முறை கேட்ட வையீஸ்ட் 1056 என்ற திரவ ஈஸ்ட்டுக்குப் பதிலாக, அதே தூய்மையான சுவையைத் தரும் யுஎஸ்-05 உலர் ஈஸ்ட்டை, இரண்டுக்கும் ஒவ்வொரு 11.5 கிராம் பொட்டலமாகப் போட்டேன். நொதித்தல் இரண்டிலும் 19 டிகிரியில் நடந்தது. முடிந்த பிறகு ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை 9.5 லிட்டர் எஃகுக் கெக்கிலும் (வாயு அழுத்தத்தில் பீரை வைக்கும் மூடிய கலன்) மறுபாதியைப் பதினெட்டு அரை லிட்டர் பாட்டில்களிலும் அடைத்தேன். இந்தப் பிரிப்பைப் பாத்திரம் போதாத காரணத்தால்தான் செய்தேன். ஆனால் முழு ஒப்பீட்டிலும் அதிகம் கற்றுக்கொடுத்தது அதுவே.

முதலில் தூள் வழி. 20 லிட்டருக்கு 1.054 என்ற தொடக்க அடர்த்தி (நீர் 1.000; சர்க்கரை கூடினால் இந்த எண் ஏறும், நொதிக்க நொதிக்க இறங்கும்) வேண்டுமானால் வெளிர் மால்ட் தூள் ஏறத்தாழ 2.8 கிலோ பிடிக்கும். காரா மால்ட் 250 கிராமை மட்டும் மல் துணியில் கட்டி, 65 முதல் 70 டிகிரி நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து எடுத்துவிடலாம். பொட்டலத்தைப் பிரித்ததும் வீடு முழுக்க ஹார்லிக்ஸ் வாசனை. தூளை அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும் நீரில் கொட்டினால் ரவை கட்டி விழுவது போலக் கட்டி விழும்; ஆவி பட்டால் கரண்டியிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுப்பை அணைத்து, சற்று ஆறவிட்டு, சிறிது சிறிதாகத் தூவிக் கலக்கினால் கால் மணி நேரத்தில் கரைந்துவிடும். 12 லிட்டர் பாத்திரத்தில் கொதிக்கவைத்துவிட்டு, மீதிக்குக் குளிர்ந்த நீரை ஊற்றினால் சூடும் பாதி தணிந்துவிடும். சுத்தம் செய்தது உட்பட எல்லாம் மூன்று மணி நேரத்தில் முடிந்தது.

தூளை முழுவதும் தொடக்கத்திலேயே போடாமல், மூன்றில் ஒரு பங்கைத் தொடக்கத்திலும் மீதியைக் கொதி முடியும் கடைசிப் பத்து நிமிடத்திலும் போடுவது நல்லது. அடர்ந்த கரைசல் நீண்ட நேரம் கொதித்தால் நிறம் கருக்கும். ஹாப்ஸின் கசப்பும் அதில் முழுமையாக இறங்காது. இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். தூளைவிட மலிவு என்று இதற்கு ஓர் ஆண்டு முன்பு ஒரு கடையில் மால்ட் பாகு டின் வாங்கினேன். அது அலமாரியில் வெகுகாலம் கிடந்தது போலும். பீர் செம்பழுப்பு நிறத்தில், பழைய வெல்லப்பாகின் வாடையோடு வந்தது. மால்ட் சாற்றில் செய்த பீருக்கு ஒரு தனிச் ‘சாற்று வாடை’ உண்டு என்று சொல்பவர்களில் பலர் ருசித்தது பழைய பாகின் வாடையாகத்தான் இருக்கும் என்று நான் நினைக்கிறேன். தூள் ஈரம் படாதவரை அவ்வளவு விரைவில் கெடுவதில்லை.

இனித் தானிய வழி. தொழிற்கூடங்களில் இருப்பது போன்ற தனித்தனிக் கலன்கள் வீட்டில் இல்லாததால், பெரிய வலைத்துணிப் பையில் உடைத்த மால்ட்டைப் போட்டு, ஒரே பாத்திரத்தில் ஊறவைத்துத் தூக்கி எடுக்கும் துணிப்பை முறையையே பின்பற்றினேன். செய்முறையில் மொத்தத் தானியம் 4.6 கிலோ அளவில்தான் இருக்கிறது. ஆனால் அதை அப்படியே எடுத்தால் வீட்டுத் துணிப்பையில் சர்க்கரை அவ்வளவு முழுமையாக இறங்காது. முதன்முறை முயன்றபோது அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.046 என்றுதான் காட்டியது. ஆகவே ஒப்பீட்டுக்கான இந்த முறை தானியத்தை 5 கிலோவுக்குச் சற்று மேலாக ஆக்கினேன், 1.053 கிடைத்தது. பகிரப்பட்ட எந்தச் செய்முறையிலும் ஹாப்ஸின் அளவையும் வெப்பநிலையையும் நம்பலாம். தானியத்தின் எடையை மட்டும் நம் பாத்திரத்தின் தன்மைக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்த வழிக்கு வேண்டிய பாத்திரம் சாதாரணமானதல்ல. 20 லிட்டர் பீருக்குத் தொடக்கத்தில் 29 லிட்டர் நீர் வேண்டும்; தானியம் நான்கைந்து லிட்டரைக் குடித்துவிடும், கொதியில் மூன்று லிட்டர் ஆவியாகும், ஹாப்ஸ் வண்டலோடு இரண்டு லிட்டர் அடியில் தங்கும். தானியம் அடைக்கும் இடத்தையும் சேர்த்தால் 35 லிட்டருக்குக் குறைந்த பாத்திரம் வழிந்துவிடும். அவ்வளவு நீரை வீட்டு அடுப்பு கொதிக்கவைக்கத் திணறுவதால் 3 கிலோவாட் மின்கொதிகலன் ஒன்றும் வாங்க வேண்டியதாயிற்று. 66 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறிய பிறகு பையைத் தூக்கினால் அது பத்துக் கிலோ கனக்கிறது. சட்டகத்தில் தொங்கவிட்டு, சொட்டுவது நின்றதும், தேங்காய்ப்பால் பிழிவது போல இரண்டு தட்டங்களுக்கு நடுவில் வைத்து அழுத்த வேண்டும். அப்போது சமையலறையில் எழுந்த முளைகட்டிய தானியத்தின் மணம், கேழ்வரகுக் கூழ் கொதிக்கும் வீட்டை நினைவுபடுத்தியது. தொடக்கம் முதல் கழுவித் துடைத்தது வரை ஐந்தரை மணி நேரம். அந்த நேரத்தை நான் பாரமாக உணரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தானியத்திலிருந்து இனிப்பு இறங்குவதை அவ்வப்போது நாவில் தொட்டுப் பார்ப்பது ஓர் இன்பம். ஆனால் அது காய்ச்சுபவருடைய இன்பம். குடிப்பவருடைய கோப்பையில் என்ன வேறுபாடு என்பது தனிக் கேள்வி.

தண்ணீரில் இரண்டு வழிகளும் அடிப்படையிலேயே பிரிகின்றன. கிளாஸ்கோவின் குடிநீர் கேட்ரின் ஏரியிலிருந்து வருவது. மிக மென்மையானது, கால்சியமும் சல்பேட்டும் பெயருக்குத்தான் உண்டு. ஐபிஏவின் வரலாற்றில் இதற்கு நேர்மாறான தண்ணீர் முக்கியப் பங்கு வகித்தது. கல்கத்தா, மதராஸ், பம்பாய்த் துறைமுகங்களுக்கு முதலில் பெருமளவில் வெளிர் பீரை அனுப்பிவந்தது லண்டன் போ பகுதியின் ஹாட்சன் ஆலை. 1820களில் பர்ட்டன் நகரத்தின் ஆல்சாப், பாஸ் ஆலைகள் அந்தச் சந்தைக்குள் நுழைந்தபோது, ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) நிறைந்த அவர்களுடைய கிணற்று நீர் ஹாப்ஸின் கசப்பைக் கூர்மையாகவும் வறட்சியாகவும், அதாவது நாவில் இனிப்பு தங்காமல், எடுத்துக்காட்டியது. அந்தக் கூர்மை வேண்டும் என்றால் மென்மையான நீரில் ஜிப்சம் சேர்க்க வேண்டும். தானிய வழியில் இது சுவைக்கு மட்டுமன்றி, ஊறலின் காரஅமிலத்தன்மையை (pH) 5.2க்கும் 5.5க்கும் இடையில் நிறுத்தவும் உதவுகிறது. தூள் வழியில் ஆலையின் நீரில் இருந்த உப்புகள் தூளோடு சேர்ந்தே வந்துவிடுவதால், கைவைக்க வேண்டிய அவசியம் குறைவு. சுவைக்காகச் சிட்டிகையளவு ஜிப்சம் போதும். எந்த வழியானாலும் குழாய் நீரின் குளோரினை நீக்குவது கட்டாயம். 20 லிட்டருக்கு அரை கேம்ப்டன் மாத்திரை போட்டால் தீர்ந்தது. போடாவிட்டால் பீரில் மருத்துவமனை வாடை வரும், அதை எந்த ஹாப்ஸும் மறைக்காது.

நொதித்து முடிந்தபோது எண்கள் தெளிவாகவே பிரிந்தன. தூளில் செய்தது 1.014இல் நின்றது, தானியத்தில் செய்தது 1.010 வரை இறங்கியது. ஆல்கஹாலில் பார்த்தால் முன்னது ஏறத்தாழ 5.2 சதவீதம், பின்னது 5.6. இதற்குக் காரணம் எளிது. தானியத்தை ஊறவைக்கும் வெப்பநிலையை நாம் முடிவுசெய்வதால், 64 டிகிரிக்கு இறக்கினால் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை கூடும், 68க்கு ஏற்றினால் தின்ன முடியாத சர்க்கரை கூடிப் பீர் வாயில் கனமாக இருக்கும். தூளில் அந்த முடிவை ஆலைக்காரர் ஏற்கெனவே எடுத்துவிட்டார். ஐபிஏ வறண்டு முடிய வேண்டிய பீர் என்பதால், தானிய வழியின் உண்மையான மேன்மை இங்கேதான் இருக்கிறது. தூளில் செய்பவர் இதைப் பெருமளவு ஈடுகட்டவும் முடியும்: 2.8 கிலோ தூளில் 300 கிராமைக் குறைத்து, அந்த இடத்தில் அதே அளவு சாதாரணச் சர்க்கரை சேர்த்தால் முடிவு அடர்த்தி இரண்டு மூன்று புள்ளிகள் (0.002 முதல் 0.003) இறங்கிவிடும். நான் அடுத்தடுத்த முறைகளில் அப்படியே செய்துவருகிறேன்.

செலவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு முறையும் தூளுக்கு ஆகும் பணம் தானியத்துக்கு ஆவதைவிட இரு மடங்குக்கும் மேல்; ஆனால் தானிய வழிக்கான பாத்திரத்தின் விலையை அந்த மிச்சத்தில் மீட்கப் பல முறை காய்ச்ச வேண்டும். தவிரவும், இந்தச் செய்முறையில் பணத்தை விழுங்குவது மால்ட் அல்ல, ஆறு வகை ஹாப்ஸ். வகைக்கு ஒரு 100 கிராம் பொட்டலம் வாங்கினால் சில வகைகளில் பாதிக்கு மேல் மிஞ்சும். சினூக், சிம்கோ, கேஸ்கேட் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு அஹ்டானத்தின் பங்கையும் கேஸ்கேடுக்கே கொடுத்தாலும் பீரின் குணம் பெரிதாக மாறவில்லை. நெல்சன் சோவினின் வெள்ளைத் திராட்சை மணம் மட்டும் இல்லாமல் போனது தெரிந்தது.

ஹாப்ஸைப் பொறுத்தவரை இரண்டு வழிகளுக்கும் ஒரே விதிதான். கொதியின் தொடக்கத்தில் போடுவது கசப்பைத் தரும். அடுப்பை அணைத்த பின், 80 டிகிரிக்குத் தணிந்ததும் போட்டு இருபது நிமிடம் வைத்திருப்பது சுவையைத் தரும். நொதித்து முடிந்த பின் ஊறவைப்பதுதான் மூக்கை எட்டும் மணத்தைத் தரும். கடைசியாகச் சொன்ன ஊறலுக்கு லிட்டருக்கு எட்டு முதல் பத்துக் கிராம், மூன்று நாட்கள் போதும். பத்து நாள் வைத்தால் பத்து நாள் மணம் வரும் என்று எண்ணி நான் முன்பு வைத்ததில் பச்சைப்புல் வாடைதான் மிஞ்சியது.

இந்த ஊறலில் ஒரு பொறி இருக்கிறது. ஹாப்ஸில் உள்ள நொதிகள், ஈஸ்ட்டால் தின்ன முடியாத சர்க்கரையைச் சிறிது சிறிதாக உடைத்து, நின்றுபோன நொதித்தலை மறுபடி எழுப்பிவிடும். பிரவுன், மாரிஸ் என்ற இருவர் 1893இலேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். தூளில் செய்த பீரில் மிச்சச் சர்க்கரை கூடுதலாக இருந்ததால் இது அதிலே நன்றாகத் தெரிந்தது. ஹாப்ஸ் போட்ட மூன்றாம் நாள் மூடியின் நீர்ப்பூட்டு (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத குழாய்) மறுபடி குமிழிடத் தொடங்கியது; 1.014 ஆக இருந்தது 1.012 ஆயிற்று. அந்த நிலையில் சர்க்கரை சேர்த்துப் பாட்டிலில் அடைத்திருந்தால் சில பாட்டில்களாவது வெடித்திருக்கக்கூடும். ஹாப்ஸ் போட்ட பிறகு அடுத்தடுத்து மூன்று நாட்கள் ஹைட்ரோமீட்டர் ஒரே எண்ணைக் காட்டும்வரை அடைக்கக் கூடாது என்பதை இரண்டு வழிக்காரர்களும் மனத்தில் இருத்த வேண்டும்.

இரண்டாவதாகக் காய்ச்சியதையும் அடைத்து இரண்டு வாரம் கழித்து நண்பர்களை அழைத்து, மூன்று கோப்பை வைக்கும் சோதனை செய்தேன். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மற்றது. எது வேறு என்று கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்ல வேண்டும். கெக்கில் இருந்த தூள் பீரையும் தானிய பீரையும் வைத்தபோது சிலர் சரியாகச் சொன்னார்கள், சிலர் தவறினார்கள். சரியாகச் சொன்னவர்களும் தயங்கியே சொன்னார்கள். தானியத்தில் செய்தது சற்று வறட்சியாக முடிகிறது, தூளில் செய்ததில் நுனி நாக்கில் சிறிது இனிப்பு தங்குகிறது என்பதுதான் கிடைத்த வேறுபாடு. கண்ணைத் திறந்து பார்த்தால் நிறத்தில் ஒரு சாயல் வேறுபாடு உண்டு.

ஆறாவது வாரம் அதே சோதனையைக் கெக்குக்கும் பாட்டிலுக்கும் இடையே வைத்தேன். கோப்பையை முகர்ந்த மாத்திரத்திலேயே எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்த தானிய பீர், பாட்டிலில் தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது. சாத்துக்குடி மணம் போய், தேனும் நனைந்த அட்டையும் கலந்த வாடை வந்திருந்தது. கெக்கில் இருந்த தூள் பீரோ முதல் வாரத்தில் இருந்ததற்கு மிக அருகில் இருந்தது. அன்று அந்த நான்கு கோப்பைகளையும் சன்னல் வெளிச்சத்தில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். தூளில் செய்த இரண்டும் ஒருபுறம், தானியத்தில் செய்த இரண்டும் மறுபுறம் என்று நிறம் பிரியவில்லை. பாட்டிலில் இருந்த இரண்டும் பழுப்பு, கெக்கில் இருந்த இரண்டும் பொன்னிறம். தூளா தானியமா என்று மாதக்கணக்கில் நான் தேடிய விடை, கேள்வியிலேயே இல்லாத இடத்தில் கிடந்தது.

காரணம் ஆக்சிஜன். ஹாப்ஸின் மணம் தரும் எண்ணெய்கள் காற்றுப் பட்டதும் சிதையத் தொடங்குகின்றன. ஹாப்ஸ் எவ்வளவு அதிகமோ இழப்பும் அவ்வளவு அதிகம். பாட்டிலில் அடைக்க நான் பீரை ஒரு வாளிக்கு மாற்றி, சர்க்கரைப் பாகைக் கலக்கி, பிறகு ஒவ்வொன்றாக நிரப்பினேன். ஒவ்வொரு படியிலும் காற்று புகுந்தது. கெக்கில் அப்படியல்ல. கிருமிநீக்கி நீரைக் கழுத்துவரை நிரப்பி, அதைக் கார்பன் டையாக்சைடால் வெளியே தள்ளிவிட்டால் உள்ளே காற்றே இருக்காது. நொதிகலனின் குழாயிலிருந்து நேராக அதற்குள் பீரை இறக்கி, 4 டிகிரியில் 12 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஒரு வாரம் வைத்தால் போதும்.

ஆகவே கையில் இருக்கும் பணம் தானிய வழிக்கான கொதிகலனுக்கோ, கெக்குக்கும் வாயு உருளைக்குமோ, ஒன்றுக்குத்தான் போதும் என்றால், ஐபிஏ காய்ச்ச விரும்புபவர் தயக்கமின்றி இரண்டாவதை வாங்கலாம் என்பேன். கறுத்த ஸ்டவுட் அல்லது கோதுமை பீர் விரும்புபவருக்கு இதே பரிந்துரையைத் தர மாட்டேன். அவற்றின் குணம் ஹாப்ஸைவிடத் தானியத்திலும் ஈஸ்ட்டிலும் இருப்பதால் அங்கே தானிய வழிக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. கெக் வாங்க வசதியில்லாதவர் பாட்டிலிலேயே பெருமளவு காக்கவும் வழி இருக்கிறது. வாளிக்கு மாற்றாமல், ஒவ்வொரு அரை லிட்டர் பாட்டிலிலும் 3 கிராம் சர்க்கரையை முன்பே போட்டு, நொதிகலனின் குழாயோடு நிரப்புக் குச்சியைப் பொருத்தி அடியிலிருந்து நிரப்ப வேண்டும்; கழுத்தில் விரலகலம்கூட வெற்றிடம் விடாமல் உடனே மூடியிட வேண்டும்; இரண்டு வாரம் அறையில் வைத்து, பிறகு குளிர்பெட்டிக்கு மாற்றி, ஒரு மாதத்துக்குள் குடித்து முடித்துவிட வேண்டும்.

நான் இப்போது வேலை நாட்கள் நெருக்கமாக இருக்கும் மாதங்களில் தூளிலும், நீண்ட விடுமுறை கிடைத்தால் தானியத்திலும் காய்ச்சுகிறேன். இரண்டும் கெக்குக்கே போகின்றன. அந்தப் பதினெட்டு பாட்டில்களையும் கழுவி அட்டைப்பெட்டியில் அடுக்கிவைத்திருக்கிறேன். குளிர்காலத்தில் ஸ்டவுட் காய்ச்சும்போது வெளியே எடுப்பேன்.